துகளுக்குத் தலையெழுத்து உண்டா?



இந்த ஆண்டு நினைவுப் பொழிவுக்குக் குவாண்டம் இயற்பியல் என்று தலைப்பைச் சொன்னதும் மன்றத் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். வீட்டுமனைப் பட்டா, ஜென்ம நிலம், யானை மிதித்துச் சாவு என்று பேசித் தீராத விஷயங்கள் கிடக்கும் தேவாலாவில், கண்ணுக்குத் தெரியாத துகளைப் பற்றி ஒரு சமூகவியல்காரிக்குப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் இன்று நினைவுகூரும் ஐயா தோட்டப் பள்ளியில் அறிவியல் நடத்தியவர் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நம் கல்லூரிப் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கும் ஒரு செய்தி. முற்பிறவி வினை உண்மை என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது, நம் ரிஷிகள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்ற பொருளில் அது பல வடிவங்களில் சுற்றுகிறது. முதுகலை இயற்பியல் படிக்கும் நம் ஊர் மாணவி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இது பொய்னு தெரியுது. ஆனா எந்த இடத்துல பொய்னு சொல்லத் தெரியல." அந்த இடத்தைத் தேடிப் போவோம்.

முதலில் ஒரு சொல். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நியூட்டனின் இயக்க விதிகள் இருக்கின்றன. வீட்டில் பாட்டி "எல்லாம் என் தலைவிதி" என்கிறாள். அலுவலகச் சுவரில் விதிமுறைகள் ஒட்டியிருக்கின்றன. மனுவின் நூல் முழுக்க விதிகள். கல் கீழே விழுவதற்கும், பாட்டி கொழுந்து பறித்தே கிழவியானதற்கும், இன்னார் இன்ன வேலை செய்ய வேண்டும் என்பதற்கும் தமிழில் ஒரே சொல். இதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. விதி என்பதிலிருந்து விதித்தல் வருகிறது. வரி விதிக்கிறார்கள், தடை விதிக்கிறார்கள், அபராதம் விதிக்கிறார்கள். விதி என்றாலே விதித்தவர் ஒருவர் பின்னால் நிற்பதுபோலத் தோன்றும். இது தமிழின் குறை மட்டும் அல்ல. ஐரோப்பாவிலும் 17ஆம் நூற்றாண்டில் தெக்கார்த்தும் நியூட்டனும் இயற்கை விதி என்று எழுதியபோது, கடவுள் உலகத்துக்கு இட்ட கட்டளை என்ற எண்ணத்தோடுதான் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் கடவுளைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். சொல் அப்படியே தங்கிவிட்டது.

நியூட்டனின் இயற்பியலை அதன் கடைசி எல்லை வரை இழுத்துக்கொண்டு போனவர் லாப்லாஸ். 1814இல் அவர் வைத்த கற்பனை இது: உலகின் ஒவ்வொரு துகளும் இந்த நொடியில் எங்கே இருக்கிறது, அதன்மேல் என்ன விசை செயல்படுகிறது என்பதெல்லாம் தெரிந்த ஓர் அறிவு இருந்தால், நாளை நடப்பதையும் ஆயிரம் ஆண்டு கழித்து நடப்பதையும் அது கணக்குப் போட்டே சொல்லிவிடும். தலையெழுத்துக்கு இதைவிட நல்ல அறிவியல் வக்காலத்து கிடைக்காது. பிரம்மா எழுதினார் என்பதற்குப் பதிலாகத் தொடக்க நிலைமை எழுதியது என்று மாற்றிக்கொண்டால் போதும். லாப்லாஸ் அந்த நோக்கத்தோடு சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த உலகத்தில் விழுந்த ஓட்டையைக் காட்ட நான் ஜெனீவாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே, ஊட்டியில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வகம் இருக்கிறது. கிரேப்ஸ்-3 என்பது அங்கே நடக்கும் சோதனையின் பெயர். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நம் தலைக்குமேல் பல கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. உள்ளங்கையை வானம் பார்த்து நீட்டினால் ஏறக்குறைய நொடிக்கு ஒன்று அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். தேவாலா மழை நம்மை நனைக்கிறது, இந்த மழை தெரிவதில்லை. ஊட்டியில் அதை எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஆய்வகத்தின்மேல் கடந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருந்தது என்பதை, மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

மியூவானுக்கு ஆயுள் உண்டு. சராசரியாக ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அதற்குப் பிறகு அது சிதைந்து எலக்ட்ரானாகவும் நியூட்ரினோக்களாகவும் ஆகிவிடும். சராசரியாக என்று சொன்னேன். ஒரே நேரத்தில் பிறந்த இரண்டு மியூவான்களில் ஒன்று உடனே சிதையலாம், மற்றொன்று பத்து மடங்கு நேரம் தாங்கலாம். ஏன் இது முதலில், ஏன் அது பிறகு? குவாண்டம் இயற்பியலின் வழக்கமான பதில்: காரணம் இல்லை. தெரியவில்லை என்பதல்ல பதில், இல்லை என்பதே. அந்த இரண்டுக்கும் உள்ளே எந்த வேறுபாடும் கிடையாது. இன்னும் வியப்பானது, மியூவானுக்கு வயதே ஆவதில்லை. நெடுநேரம் தாங்கிய மியூவான் அடுத்த கணத்தில் சிதைவதற்கான வாய்ப்பும், இப்போதுதான் பிறந்த மியூவானின் வாய்ப்பும் துல்லியமாகச் சமம். கடந்துவந்த காலம் அதன்மேல் எந்தக் கணக்கையும் ஏற்றிவைப்பதில்லை.

ஆனால் ஒரு கோடி மியூவான்களைச் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் மறைந்துவிடுகிறது. அவற்றோடு கூடவே ஓடிக்கொண்டு பார்க்கும் ஒருவருக்கு, அந்தச் சராசரி ஆயுள் கழிந்ததும் நூற்றுக்கு 37 மிஞ்சியிருக்கும். எப்போது பார்த்தாலும் அப்படித்தான். தனித் துகளுக்குச் சொல்ல முடியாதது, கூட்டத்துக்குத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. 1926இல் மாக்ஸ் போர்ன் கொடுத்த விளக்கம் இதுதான். குவாண்டம் சமன்பாடு தருவது நிகழ்வை அல்ல, நிகழ்தகவை.

மியூவானைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. நியூட்ரினோவைப் பிடிக்க வேண்டுமென்றால் மியூவான் மழை விழாத இடம் வேண்டும். அதற்குப் பூமிக்குள் ஆழமாகப் போக வேண்டும். 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோக்களை உலகிலேயே முதலில் கண்டறிந்த குழுக்களில் ஒன்று கோலார் தங்கவயலில் வேலை செய்தது. டாடா நிறுவனத்தாரும் ஜப்பானியரும் பிரிட்டிஷாரும் சேர்ந்த குழு அது. பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். அந்த ஆழத்தைத் தோண்டியவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழ்த் தலித்துகள், தலைமுறை தலைமுறையாக. நம் தேவாலா, பந்தலூர்ப் பக்கத்திலும் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் கம்பெனிகள் தங்கம் தேடிக் குடைந்த பொந்துகள் இன்னும் இருக்கின்றன. இங்கே தங்கக் காய்ச்சல் சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. அதே காலத்தில் தொடங்கிய கோலார் சுரங்கம் 2001 வரை ஓடியது. இயற்பியல் வரலாற்றில் அந்தச் சோதனைக்கு ஒரு பத்தி கிடைக்கும். பாறையை உடைத்த கைகளுக்கு ஒரு வரிகூட இல்லை. சரி, துகளுக்குத் திரும்புவோம்.

சிக்கல் நிகழ்தகவோடு நிற்கவில்லை. பெட்டிக்குள் அடைத்த ஒரு மியூவானைப் பற்றிச் சமன்பாடு என்ன சொல்கிறது? சிதைந்த நிலை, சிதையாத நிலை இரண்டையும் சேர்த்து ஒரே நிலையாக எழுதுகிறது. நாம் அளந்து பார்க்கும்போது மட்டும் ஏதாவது ஒன்று கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்த நிலையிலிருந்து ஒன்று மட்டும் எப்படி, எந்தக் கணத்தில் ஆனது? சமன்பாட்டில் அதற்கு இடமே இல்லை. இதை அளவீட்டுச் சிக்கல் என்கிறார்கள். ஷ்ரோடிங்கரின் பூனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு அணு சிதைந்தால் நஞ்சு திறந்து பூனை சாகும், சிதையாவிட்டால் பிழைக்கும். பெட்டியைத் திறக்கும்வரை பூனை செத்தும் சாகாமலும் இருக்கிறதா? 1935இல் ஷ்ரோடிங்கர் இதை எழுதியது, இப்படி ஒரு முடிவுக்கு வருகிறீர்களே, இது எவ்வளவு கேலிக்கூத்து என்று காட்டத்தான். இன்று அதே பூனையை உலகம் மாயை என்பதற்குச் சான்றாகத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

இந்த இடத்திலிருந்துதான் இயற்பியல் முடிந்து மெய்யியல் தொடங்குகிறது. போரும் அவரைச் சேர்ந்தவர்களும், அளவீட்டுக்கு முன் துகள் எப்படி இருந்தது என்று கேட்பதே பொருளற்றது என்றார்கள். கருவி காட்டுவதைப் பேசுங்கள், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்பது அவர்கள் நிலை. கருவியும் அணுக்களால் ஆனதுதானே, அப்படியென்றால் தேர்வு எங்கே நடக்கிறது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து போன விக்னர், 1961இல், பார்ப்பவரின் மனம்தான் அந்தத் தேர்வை நடத்துகிறது என்று எழுதினார். மாய வணிகர்களுக்குப் பிடித்த கட்டுரை அது. பின்னாளில் அவரே அந்த நிலையிலிருந்து விலகிவிட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. அளவீடு என்பதற்கு மனித மனமோ கண்ணோ தேவையில்லை. ஊட்டியில் இரவு முழுக்க யாரும் பார்க்காமலேயே கருவிகள் மியூவான்களைப் பதிவுசெய்கின்றன.

1957இல் எவரெட் வேறொன்று சொன்னார். தேர்வு என்று ஒன்று நடப்பதே இல்லை, இரண்டு விளைவுகளும் இரண்டு உலகங்களில் நடந்துவிடுகின்றன, நாமும் இரண்டாகப் பிரிகிறோம் என்றார். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் சமன்பாட்டில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் வைத்துக்கொள்ளும் வழி இது என்பதால் கணிசமான இயற்பியலாளர்கள் இதை ஏற்கிறார்கள்.

எனக்கு இவற்றில் கூடுதல் அக்கறை டேவிட் போமின் விளக்கத்தின்மேல். போம் இடதுசாரி. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது சாட்சி சொல்ல மறுத்து, வேலை பறிபோய், 1951இல் பிரேசிலுக்குப் போனவர். பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு நீண்ட உரையாடல்கள் நடத்தியவர். 1952இல் அவர் காட்டியது இது: துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அதை ஓர் அலை வழிநடத்துகிறது, தற்செயல் என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. தொடக்க இடம் நமக்குத் துல்லியமாகத் தெரியாததால் மட்டுமே நிகழ்தகவு வருகிறது. இப்படி வைத்துக்கொண்டாலும் சோதனை விடைகள் பழைய குவாண்டம் கணக்கின் விடைகளோடு அப்படியே பொருந்துகின்றன.

இதை நிதானமாக யோசியுங்கள். போர்ன் சொல்வதில் துகளுக்குத் தலையெழுத்து இல்லை. போம் சொல்வதில் உண்டு. எவரெட் சொல்வதில் எல்லாத் தலையெழுத்தும் ஒரே நேரத்தில் உண்டு. ஊட்டியிலோ ஜெனீவாவிலோ இருக்கும் எந்தக் கருவியாலும் இன்றுவரை இவற்றுக்குள் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அப்படியென்றால், உலகம் இறுதியில் இப்படித்தான் என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது என்று யார் சொன்னாலும், நிரூபணத்துக்கு வெளியிலிருந்து தன் கையிலிருந்த ஒன்றை உள்ளே வைத்துவிட்டுச் சொல்கிறார் என்று பொருள். மாணவி கேட்ட அந்த இடம் இதுதான்.

எதுவுமே தீரவில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒரு விஷயம் தீர்ந்திருக்கிறது. சேர்ந்து பிறந்த இரண்டு துகள்கள் எவ்வளவு தொலைவு பிரிந்துபோனாலும் அவற்றின் அளவீட்டு விடைகளுக்குள் ஓர் இணக்கம் இருக்கும். பின்னிப்பிணைவு என்று இதற்குப் பெயர். பிரியும்போதே விடைகளை ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பியதுபோல இருக்கலாமே என்றுதான் எவருக்கும் தோன்றும். அப்படிச் சீட்டு இருந்து, ஒன்றுக்குச் செய்வது தொலைவிலுள்ள மற்றொன்றை உடனே பாதிக்காது என்றும் இருந்தால், இணக்கம் ஓர் அளவைத் தாண்ட முடியாது என்று 1964இல் ஜான் பெல் கணக்கால் காட்டினார். கிளவுசர் 1970களிலும் அஸ்பே 1980களிலும் அளந்தார்கள். இணக்கம் அந்த அளவைத் தாண்டியது. 2022இல் அவர்கள் இருவருக்கும் ட்சைலிங்கருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, துகள் தன் மடியில் மட்டும் கட்டிக்கொண்டு போகும் தலையெழுத்துச் சீட்டு கிடையாது. போமின் விளக்கம் இதில் தப்பித்தது எப்படி என்றால், அதில் தொலைவிலிருப்பது தொலைவிலிருப்பதை நேராகப் பாதிக்கும் என்று ஏற்றுக்கொண்டதால்.

எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்திருக்கிறது, அதனால் சோதிடம் உண்மை, தொலைவிலிருந்து நோய் தீர்க்கலாம் என்று இதிலிருந்துதான் கிளப்பிவிடுகிறார்கள். பின்னிப்பிணைவை வைத்து ஒரு சிறு செய்தியைக்கூட அனுப்ப முடியாது. அது குவாண்டம் கணக்கே தரும் முடிவு. சூடான காற்று பட்டாலே அந்தப் பிணைவு சிதறிப்போகும். அதைக் காப்பாற்றத்தான் ஆய்வகங்கள் கடுங்குளிரோடு மல்லுக்கட்டுகின்றன. யார் எப்போது என்ன பாவம் செய்தார் என்று பிறவி தாண்டிக் கணக்கெழுதி வைக்க அதில் பேரேடு எதுவும் இல்லை.

இனி அத்வைதத்துக்கு வருவோம். ஷ்ரோடிங்கர் உபநிடதங்களில் ஆழ்ந்தவர், மனங்கள் பல அல்ல, ஒன்றே என்று நம்பியவர் என்பது உண்மை. ஆனால் அந்த நம்பிக்கையை அவர் எழுதிவைத்தது 1925ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில். அவர் பெயரைத் தாங்கிய சமன்பாடு வெளிவந்தது அடுத்த ஆண்டு. சமன்பாட்டிலிருந்து அத்வைதம் பிறக்கவில்லை. அவர் மனத்தில் இரண்டும் தனித்தனியாக இருந்தன. 1975இல் காப்ராவின் நூல் வந்த பிறகுதான் இந்த இரண்டும் சந்தையில் ஒரே பொட்டலத்தில் விற்கத் தொடங்கின. 2004இல் இந்திய அரசு ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்துக்கு ஒரு நடராசர் சிலையைப் பரிசளித்தது. துகள்களின் நடனத்துக்கு அது உருவகம் என்கிறார்கள். அழகான வெண்கலம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த நடராசரைப் பார்க்க வேண்டும் என்று தவித்து, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று நாள் கடத்திய நந்தனைத் தில்லையில் தீக்குள் இறக்கித்தான் உள்ளே விட்டார்கள் என்று புராணமே சொல்கிறது. அணுவிலும் ஆடுகிறவனின் வாசலில் அளவீடு வேறாக இருந்தது.

இந்தப் பேச்சு இன்று நேற்று வந்ததும் அல்ல. மேகநாத் சாஹா டாக்கா அருகே சிற்றூரில், தாழ்ந்ததாக வைக்கப்பட்ட சாதியில், சிறு கடைக்காரர் மகனாக 1893இல் பிறந்தவர். கல்கத்தா ஈடன் இந்து விடுதியில் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட அவரை விடவில்லை. விண்மீன் ஒளியைப் படித்து அதன் வெப்பத்தைச் சொல்ல வழிதந்த சமன்பாட்டை 1920இல் உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் தன் கண்டுபிடிப்பை ஆர்வத்தோடு விளக்கியபோது, இதில் என்ன புதுசு, எல்லாம் வேதத்திலேயே இருக்கிறதே என்று அவர் சொன்னாராம். எந்த வேதத்தில், எந்த இடத்தில் என்று சாஹா கேட்டிருக்கிறார். நான் படித்ததில்லை, ஆனால் இருக்கிறது என்பதுதான் பதில். 1939ஐ ஒட்டி ஒரு வங்க இதழில் இதை எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார் சாஹா. எந்த இடத்தில் என்ற அந்தக் கேள்வி நம் பிள்ளைகளுக்கு இன்றும் பயன்படும்.

எல்லாம் ஒன்று என்ற தத்துவம் உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதனால் என்ன நடந்தது? அம்பேத்கர் இதை நேராகக் கேட்டிருக்கிறார். அவர் மறைவுக்குப் பிறகு 1987இல் வெளியான இந்து மதப் புதிர்களில் 22ஆம் புதிர் அது. அவர் அதில் மிகுந்த நேர்மையோடு நடந்துகொள்கிறார். நாம் அனைவரும் கடவுளின் பிள்ளைகள் என்பதைவிட, நீயும் பிரம்மம் நானும் பிரம்மம் என்பது சனநாயகத்துக்கு வலுவான அடித்தளமாக இருந்திருக்க முடியும் என்று ஒத்துக்கொள்கிறார். அதை வைத்திருந்தவர்கள் அதைத் தர்மத்துக்கு அடிப்படையாக்கவில்லை என்பதுதான் அவர் வைக்கும் குற்றச்சாட்டு. தத்துவத்தில் எல்லாரும் ஒன்று, தெருவில் சேரி தனி. இரண்டும் பல நூற்றாண்டுகள் உரசாமலே பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன.

இதை ஏட்டில் படிக்காமல் பட்டே அறிந்தவர் ஒருவர் நம் மலையில் வாழ்ந்திருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் 1870களில் நீலகிரியில் தொடங்கிய அமைப்பின் பெயரே அத்வைதானந்த சபை. எல்லாம் ஒன்று என்றால் சாதிக்கு இடமேது என்ற நம்பிக்கையோடுதான் அவர் அத்வைதத்தைக் கையில் எடுத்தார். 1891இல் திராவிட மகாஜன சபை மாநாட்டை ஊட்டியில் கூட்டினார். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் எங்களுக்கு ஏன் மூடியிருக்கின்றன என்று கேட்டார். உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கின்றன, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கானவர்கள் அல்ல என்ற தொனியில் பதில் வந்தது. பிரம்மம் ஒன்றாக இருந்தது, கோயில் கதவு வேறாக இருந்தது. 1898இல் அவர் இலங்கை போய்ப் பௌத்தம் ஏற்றார். இயற்பியல் ஒரு நாள் அத்வைதத்தை நிரூபித்தே விட்டால்கூட அந்த 1892ஆம் ஆண்டுக் கூட்டத்தின் பதில் மாறியிருக்காது.

இயற்கை விதி என்றால் என்ன என்பதிலும் தத்துவவாதிகள் ஒத்துப்போவதில்லை. உலகில் திரும்பத் திரும்ப நடப்பதைச் சுருக்கி எழுதினால் அதுவே விதி, அதற்குமேல் கட்டாயப்படுத்தும் சக்தி எதுவும் இல்லை என்பது ஹியூமின் வழிவந்தவர்களின் பக்கம். இல்லை, இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் உலகுக்குள்ளேயே இருக்கிறது என்பது எதிர்ப்பக்கம். அந்த வழக்கை இன்று தீர்க்க வேண்டியதில்லை. இரு தரப்புக்கும் பொதுவான ஒன்று நமக்குப் போதும். இயற்கை விதியை மீற முடியாது. மீற முடியாததால் அதற்குக் காவல் தேவையில்லை. கல் கீழே விழவில்லை என்று எந்தப் பஞ்சாயத்தும் கூடியதில்லை. மேலே போன கல்லுக்கு யாரும் அபராதம் விதித்ததில்லை.

1927 மார்ச் 20ஆம் தேதி மகாடில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தலித்துகளும் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஹைசன்பெர்க்கின் நிச்சயமின்மைக் கட்டுரை பத்திரிகை அலுவலகத்துக்கு வந்துசேர்ந்தது அதே மாதம் 23. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, தேதி ஒற்றுமை மட்டும்தான். குளத்துக்கு என்ன ஆனது என்று பாருங்கள். தீண்டாமை இயற்கை விதியாக இருந்திருந்தால் தண்ணீர் தானாக மாறியிருக்க வேண்டும், நிறமோ சுவையோ கொதிநிலையோ எதுவாவது. ஒன்றும் மாறவில்லை. ஊர்க்காரர்கள் தடியெடுத்து அடிக்க வேண்டியிருந்தது. பிறகு 108 குடம் தண்ணீரை மொண்டு சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து மந்திரம் சொல்லித் திரும்ப ஊற்ற வேண்டியிருந்தது. இவ்வளவு உழைப்பு எதற்கு? விதி தானாக வேலை செய்யாததால். இரட்டைக் குவளைக்கும் தனிச் சுடுகாட்டுக்கும் ஆணவக் கொலைக்கும் இதே கணக்குத்தான். சாதியைப் பிரபஞ்சத்தின் பிறப்போடு சேர்த்துப் புருஷனின் வாயிலிருந்தும் காலிலிருந்தும் வரவழைத்துப் பாடிவைத்தவர்களும், பாட்டை நம்பி விட்டுவிடாமல் கூடவே தண்டனைப் பட்டியலையும் எழுதிவைத்தார்கள்.

நம் ஊருக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். இங்கே லயத்திலும் காலனியிலும் இருக்கும் பல குடும்பங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். கப்பலேறியதைப் பேசும்போது பெரியவர்கள் விதி என்றே சொல்வார்கள். அந்த விதிக்குத் தேதி இருக்கிறது. 1948இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம், பிறகு 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட கையெழுத்து. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். நம் தாத்தா பாட்டிகளின் தலையெழுத்தை எழுதிய பேனா இன்னதென்று சொல்ல முடிகிறபோது, அதைப் பிரம்மாவிடமோ லாப்லாஸிடமோ ஏன் ஒப்படைக்க வேண்டும்?

நம் பக்கத்திலும் ஒரு சபலம் உண்டு, அதையும் பேச வேண்டும். நாகார்ச்சுனரின் சூனியவாதத்தைத்தான் குவாண்டம் சொல்கிறது, பின்னிப்பிணைவுதான் புத்தரின் சார்புத் தோற்றம் என்று நம் தோழர்கள் சிலர் எழுதுகிறார்கள். எலக்ட்ரானுக்குப் பிறப்படையாளம் கிடையாது, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தே சொல்ல முடியாது, ஆகவே சாதி பொய் என்று ஒரு கவிதை மேடையில் கேட்டேன். ஒரு துகளை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்ற அடிப்படையில் 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஒளித்துகள்களுக்குப் புதிய எண்ணல் முறையைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் எலக்ட்ரான்களுக்குள் பிறப்படையாளம் இருந்திருந்தால் சாதி நியாயமாகிவிடுமா? அவர்கள் செய்யும் அதே வேலையை நாம் நம் சாமான்களோடு செய்தால் அது பகுத்தறிவாகிவிடாது. லட்சுமி நரசுவை நினைத்துப் பாருங்கள். சென்னைக் கல்லூரிகளில் அறிவியல் கற்பித்த பேராசிரியர். 1907இல் பௌத்தத்தின் சாரம் என்று நூல் எழுதினார், 1948 பதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை எழுதினார். காரணமின்றிக் காரியமில்லை என்ற அன்றைய இயற்பியலோடு பௌத்தம் ஒத்துப்போகிறது என்பது அவர் தலைமுறைக்குப் பெரிய பலம். பௌத்தத்தின் உயிர் அந்த ஒற்றுமையில் மட்டுமே இருந்திருந்தால், 1926இல் போர்ன் ஒரு கட்டுரை எழுதியதும் அது போயிருக்கும். போகவில்லை, ஏனென்றால் அது நின்றது துன்பத்தின்மேல்.

அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' எழுதும்போது இந்தக் கயிற்றில் தொங்கவே இல்லை. அது 1957இல் வந்த நூல். குவாண்டம் இயற்பியலுக்கு அப்போது முப்பது வயது. பருவங்களின் ஒழுங்கு வேறு, மனிதச் செயலால் உண்டாகும் அற ஒழுங்கு வேறு என்று பிரித்துவைக்கிறார். வினை என்பது இந்தப் பிறவியில் செய்த செயலும் அதன் விளைவும் என்று நிறுத்துகிறார். முற்பிறவி வினையை இப்பிறவிக்குக் கடத்தும் கோட்பாட்டைப் பற்றி அவர் கேட்பது அது உண்மையா என்பது மட்டும் அல்ல, அது யாருக்கு உதவுகிறது என்பது. ஏழைகளின் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிக்கத்தான் அது உதவும் என்கிறார். கைப்பேசிச் செய்தியை அனுப்புகிறவரிடம், சாஹாவின் கேள்வியைக் கேட்ட கையோடு இதையும் கேட்கலாம். லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவதற்கு யார் பொறுப்பு என்று அவர் சமன்பாடு சொல்கிறதா?

மன்றத்தின் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் 22ஆம் புதிரை எடுத்துக்கொள்கிறோம். அதோடு பெல்லின் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட அந்த முதுகலை மாணவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். பிளஸ் டூ கணக்கு தெரிந்தால் போதும் என்கிறாள், பார்ப்போம். இப்போது கேள்விகளுக்கு வருவோம்.